இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை

சனி இரவு பதினொன்றே கால்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற சத்தம் தொடங்கிவிட்டது.
மூன்றாவது முறையாக ஏற்றுகிறோம்,
இருபத்துமூன்று வருடக் கணக்கை
பழைய பெட்டியிலிருந்து புதிய மென்பொருளுக்கு.
திங்கள் காலை ஆறு மணிக்குக் கடை புதியதில் திறக்க வேண்டும்.
விசைப்படகுக்கு இன்ஜின் பாகம் விற்கிற கடை;
ஒரு கேஸ்கெட்டுக்காக எவனும்
கடலுக்குப் போகாமல் நிற்கக் கூடாது.

முதல் முறை விழுந்தவை நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
எல்லாம் கதவு எண்ணால்.
பழைய எண் 14, புதிய எண் 31:
நடுவில் ஒரு சாய்கோடு போடாமல்
இந்த ஊரில் யாருக்கும் முகவரி எழுத வராது.
அந்தக் கோட்டை எல்லை என்று நினைத்துக்கொண்டது நிரல்.
ஜீவரத்தினம் நகர் மொத்தமும் ஒரு கட்டம் நகர்ந்து
பின்கோடு இடத்தில் தெரு,
தொலைபேசி இடத்தில் பின்கோடு,
கடன் வரம்பில் தொலைபேசி எண்.
பரட்டை மாரி நினைத்தால் காலையில் வந்து
தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு கோடிக்கு
இன்ஜின் ஆயில் கடன் கேட்கலாம்.

இரண்டாவது முறை பெயர்கள்.
குடும்பப் பெயர் கட்டாயமாம்.
"அப்பா பேரு போடலாமா?"
நவ்ஷாத் புனேயைக் கேட்டான்.
புனே யோசித்தது.
யோசித்து, ஒரு புள்ளி வைக்கச் சொன்னது.
இப்போது ஆயிரத்து எழுநூறு பேருக்கு
ஒரே குடும்பப் பெயர், முற்றுப்புள்ளி.
சூ. மிக்கேலும் க. பூங்காவனமும் பங்காளிகள்.

மூன்றாவதில் அறுபத்தொரு வரி மட்டும் ஏற மறுத்தது.
நிதியாண்டு 2099 வரையறுக்கப்படவில்லை.

தட்டச்சுப் பிழை என்றான் நவ்ஷாத்.
ஒன்று என்றால் கை தவறியது.
அறுபத்தொன்றுக்குமா?

பழைய திரையைத் திறந்தேன். கறுப்பில் பச்சை எழுத்து.
பில் தேதிகள் எல்லாம் இரண்டாயிரத்து ஐந்து,
ஜனவரி, பிப்ரவரி.
அலை வந்துபோன பிறகு கடனாக எடுத்தவை:
கியர் பெட்டி, இன்ஜெக்டர், ப்ரொப்பெல்லர் தண்டு,
ஒருவர் பெயரில் வெறும் போல்ட்டு, இருநூறு ரூபாய்க்கு.
கெடு தேதி மட்டும் 31-12-2099.
மாற்றியவர்: மகி.
மாற்றிய நேரம்: ஒரே மதியம்,
ஒன்று இருபத்தைந்திலிருந்து நாலு மணி வரை,
ஒவ்வொன்றாக.

மகிமைதாஸ். இந்த நாற்காலியில் எனக்கு முன் இருந்தவர்.
பார்த்ததில்லை.
அழித்தால் ஆடிட்டர் கேட்பார்.
தள்ளுபடிக்கு முதலாளி கையெழுத்து வேண்டும்.
கெடுவைத் தள்ளினால் கேட்க ஆளில்லை:
கெடு தாண்டாத கடனுக்கு
நினைவூட்டல் போகாது, வட்டி ஏறாது,
அடுத்த சரக்கு நிற்காது.

"தேதிய மாத்திடலாமா? ஒரே வரிதான்,
பத்து செகண்டு."

மாற்றினால் திங்கள் ஆறு ஐந்துக்கு
மென்பொருள் தானே அறுபத்தொரு செய்தி அனுப்பும்:
தங்கள் பாக்கி இருபது ஆண்டுகள் தாமதம்.
சிலர் அந்த எண்ணில் இப்போது இல்லை.
சிலர் எந்த எண்ணிலும் இல்லை.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
அந்த வாடைக்கு ஜன்னலைச் சாத்தினேன்.
எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள்
ஒன்றின் பின் ஒன்றாக அணைந்து நின்றன.

நிதியாண்டு வரையறை என்ற திரை
ஒரு நேரத்தில் ஓர் ஆண்டைத்தான் திறக்க விடுகிறது.
2027, சேமி.
2028, சேமி.
ஓய்வு பெறும் வருடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன்.
நவ்ஷாத் எழுபதுகளில் வந்து கைமாற்றிக்கொண்டான்.
மொத்தம் எழுபத்துமூன்று முறை.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது.
வணிகத் தேவை என்று எழுதினேன்.

மூன்றே முக்காலுக்கு அறுபத்தொன்றும் ஏறின.
பழைய கூட்டலுக்கும் புதிய கூட்டலுக்கும்
நாற்பது பைசா இடிக்கிறது.
அவன் அதைத் தேட உட்கார்ந்தான்,
நான் டீ வாங்க இறங்கினேன்.

வார்ஃபில் ஏதோ ஒரு படகின் இன்ஜின்
பிடிக்காமல் இருமிக்கொண்டிருந்தது.
யாருடையது என்று பார்க்கவில்லை.